யொவ்னாவின் ஸ்கூட்டரில் பாக்கி இருந்த மூன்று சுற்று

யொவ்னா என் தங்கை எல்லேயின் புருஷன். வடக்கே பனிநாட்டில் இருக்கிற எங்கள் ஆற்றங்கரையில் அவனைத் தெரியாத ஆள் கிடையாது. ஆற்றைத் தாண்டிவிட்டால் அவனை யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் அவன் பேர் வந்ததில்லை. பிறந்தான், பனிமான் மேய்த்தான், கல்யாணம் கட்டினான், காலை உடைத்துக்கொண்டான். அவனைப் பற்றி யாராவது எழுதினால் இந்த நாலு வரியோடு முடிந்துவிடும். நாலாவது வரியில் நான் இருப்பதால்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

அவனுக்கு எத்தனை மான் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் எவ்வளவு பணம் என்று கேட்கிற மாதிரி அது, எங்களில் யாரும் கேட்பதில்லை. குடும்பத்துக்குப் போதுமானது இருந்தது. குளிர்காலம் முழுக்க மேட்டுநிலத்தில் மந்தையோடு இருப்பான். வசந்தத்தில் மந்தை குட்டி போடக் கடற்கரைக்குப் போகும்போது கூடவே போவான். சிரிப்பு வாய். கடவுளை நினைப்பதும் ஸ்கூட்டருக்கு கிரீஸ் வைப்பதும் அவனுக்கு ஒன்றுதான். இரண்டையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவான்.

அந்த ஸ்கூட்டரைப் பார்க்க வேண்டுமே. பனியில் ஓடுகிற வண்டிக்கு இருக்க வேண்டிய எதுவும் ஒழுங்காக இருக்காது. கிழிந்த சீட்டை மான் தோலை வைத்து தூண்டில் நரம்பால் தைத்திருப்பான். முன் கண்ணாடி விரிசல் விட்டு, கம்பி போட்டுக் கட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் புகைக்குழாய் மேல் இறைச்சித் துண்டு காகிதத்தில் சுற்றி இருக்கும். போகிற வழியில் சூடாகட்டும் என்று வைத்தது, எடுக்க மறந்தது.

"இது மோட்டாரா அடுப்பாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொழுப்பு உருகி தானா ஆயில் போட்டுக்குது மச்சான். உன் வேலை மிச்சம். அதுக்கும் திட்டுறியா?"

எனக்கு முதுகில் அடிபட்ட பிறகு மந்தையோடு போக முடியவில்லை. என் மான்களைத் தம்பி பார்த்துக்கொண்டான். நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் ஊரார் ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொடுக்க ஆரம்பித்தேன். பெரிய ரிப்பேர் எல்லாம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம்தான் இருந்தேன், அதிலும் பாதிக் காலம் அங்கே பேசிய வேற்று பாஷை புரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டி உடையாமல் இருக்கச் செய்ய வேண்டியதைச் செய்வேன். பெல்ட் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பது, செயின் பெட்டியில் ஆயில் அளப்பது, சக்கரங்களுக்கு கிரீஸ் ஏற்றுவது, முன்னால் உள்ள சறுக்குக்கட்டைகளின் அடியில் இருக்கிற இரும்பைச் சரிபார்ப்பது, கடைசியாகப் பட்டையை இழுத்துக் கட்டுவது. வண்டிக்கு அடியில் சுற்றுகிற அந்த ரப்பர் பட்டை தொய்ந்துபோனால் ஒரு பக்கமாக ஓடிப் போய் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

என் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடியாத வண்டியின் கைப்பிடியில் ஒரு கையுறையை மாட்டிவிடுவேன். மான் தோலில் தைத்த பழைய இடதுகைக் கையுறை, அதன் ஜோடி எப்போதோ தொலைந்துவிட்டது. கையுறை மாட்டியிருந்தால் வண்டியைத் தொடக் கூடாது. இல்லாவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம், நான் வீட்டில் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். இது ஊர் முழுக்கத் தெரியும்.

இன்னொரு வழக்கம் என் அப்பா வைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஓய்வுநாள் தொடங்கிவிடும். விறகு பிளக்கிற கோடாலி பாதி மரத்தில் இருந்தாலும் அங்கேயே விட்டுவிட வேண்டும். அப்பா போன பிறகும் நான் அதை மீறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல். மந்தை கடற்கரைக்குக் கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை நாலரை மணிக்கு யொவ்னா வண்டியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினான்.

"பட்டை தொய்ஞ்சு போச்சு மச்சான். அரை மணி வேலைதான?"

"பட்டை மட்டும் இல்ல, எல்லாத்தையும் பாக்கணும். காலையில கொண்டு வந்திருக்கலாம்ல?"

"காலையில தூங்கிட்டேன்."

"சரி, இருந்து பிடிச்சுக் குடு."

"எல்லே எலும்பு வேக வெச்சிருக்கா. சாப்பிட்டு ஓடி வந்துடுறேன்."

அவன் வரவில்லை. வர மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் என் மனதில் வேறொன்றும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மந்தையைப் பிரிக்கிற வேலியருகே இருபது பேர் முன்னால் அவன் ஒரு பேச்சுச் சொன்னான். "எங்க மச்சான் மான் மேய்க்க பயந்துக்கிட்டு ஸ்கூட்டர் மேய்க்கிறாரு. நல்ல மந்தை. ஓடாது, குட்டி போடாது, ஓநாயும் தின்னாது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் முதுகைப் பற்றி அவன் நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு நாலு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை.

பெல்ட்டைப் பார்த்தேன். பிளக்கைத் துடைத்தேன். ஆயில் ஊற்றினேன். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, பின் அச்சின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, பட்டையை இரண்டு பக்கமும் சமமாக இழுத்தேன். நேராகச் சுற்றுகிறதா என்று சுற்றிவிட்டுப் பார்த்தேன். நேராகத்தான் சுற்றியது. இனி போல்ட்டுகளை இறுக்க வேண்டியதுதான். கையால் திருகி வைத்தேன். ஸ்பேனரை எடுத்தேன். கொட்டகைச் சுவரில் அப்பாவின் கடிகாரம் ஆறு அடித்தது.

பக்கத்துக்கு மூன்று சுற்று. இரண்டு நிமிஷ வேலை.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "கர்த்தருடைய நேரம் வந்துடுச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன், யாரும் கேட்காத கொட்டகையில். உள்ளுக்குள் நான் நினைத்தது அது இல்லை. திங்கட்கிழமை வந்து நிற்கட்டும், எலும்பு தின்றவன் காத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பின் சுகத்தில் வண்டியைக் கீழே இறக்கினேன், விளக்கை அணைத்தேன், வீட்டுக்குப் போனேன். கையுறை வண்டியில் மாட்டாமல் சுவர் ஆணியிலேயே தொங்கியது. வேண்டுமென்றே விட்டேனா, மறந்தேனா என்று ஆயிரம் முறை என்னையே கேட்டிருக்கிறேன். மறந்தேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் கோபத்தில் இருக்கிறவனின் மறதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்தக் கசப்பு என்னை உறுத்தியது. எங்கள் கூட்டத்தில் பாவத்தை மனதுக்குள் வைத்து அழுகவிடுவதில்லை. எழுந்துபோய்ச் சொல்வோம், சகோதரர்கள் தோளில் கைவைத்து மன்னிப்பைச் சொல்வார்கள். நான் முன்னால் போய் மண்டியிட்டுப் போதகர் பியெத்தாரிடம், "ஒரு சொந்தக்காரர் மேல மனசுல கசப்பு வெச்சிருக்கேன்" என்றேன். பேரைச் சொல்லவில்லை. அவர் என் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டார்.

"இஸ்ஸாத், இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டதென்று விசுவாசி."

அப்போது வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது.

இந்த ஆற்றங்கரையில் நான் கைவைத்த வண்டிகளின் சத்தம் எனக்குத் தெரியும். தாய் தன் பிள்ளைகளின் இருமலைக் கண்டுபிடிக்கிற மாதிரி. யொவ்னாவின் வண்டி கிளம்பும்போது இரண்டு முறை திக்கிவிட்டுத்தான் பிடிக்கும். திக்கித் திக்கிப் பிடித்தது. என் கொட்டகைப் பக்கமிருந்து.

நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். வாசலுக்கு முப்பது அடி. கத்தினால் கேட்டிருக்கும். ஆனால் பியெத்தாரின் கை என் கழுத்தில் இருந்தது. ஊரே தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தது. மன்னிப்பின் நடுவில் எழுந்து ஓடினால் என்ன சொல்வார்கள்? வேறு யாருடைய வண்டியாவது இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். சத்தம் ஆற்றுப்பக்கம் தேய்ந்து போகிறவரை அசையாமல் முழங்காலில் இருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது. சினை மான்கள் தாமாகவே வடக்கே கிளம்பி, பனிக்கட்டி இளகிப்போன ஆற்றுவளைவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கிவிடலாம் என்று வேதத்திலேயே இருக்கிறது. யொவ்னா வேதம் படித்தவன் இல்லை, ஆனால் அதைத்தான் செய்தான். மான்களைத் திருப்பியும் விட்டான். திரும்பி வரும்போது நரிமேட்டுச் சரிவில் பட்டை ஒரு பக்கமாக ஓடிச் சட்டத்தில் மாட்டி, வண்டி அப்படியே நின்று, அவன் முன்னால் பறந்து, வண்டி உருண்டு அவன் கால்மேல் விழுந்தது. மூன்று மணி நேரம் பனியில் கிடந்தான்.

வண்டியைக் கொண்டுவரப் போன நாலு பேரில் நானும் ஒருவன். ஒரு போல்ட் இல்லை. இன்னொன்று கையால் திருகினாலே சுற்றியது. மற்றவர்கள் கிட்ட வருவதற்குள் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் யொவ்னா வெள்ளைக் கட்டோடு படுத்திருந்தான். அப்போதும் சிரித்தான்.

"நீ பாத்துக் குடுத்த வண்டியக் கெடுத்துட்டேன் மச்சான். மன்னிச்சுக்க."

"என்ன ஆச்சு?" என்றேன். எனக்கே என் குரல் அசிங்கமாக இருந்தது.

"தெரியல. கையுறை மாட்டலன்னு பாத்துட்டுத்தான் எடுத்தேன். நீ முடிச்ச வண்டி கழறாது, அது எனக்குத் தெரியும். சரிவுல ஏதோ கல்லுல மோதியிருப்பேன், இல்ல?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். எல்லே கட்டிலின் மறுபக்கம் என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரு சொல்தான். ஒன்பது வருஷம் அதைச் சுமந்தேன்.

முழங்கால் மடங்காமல் போயிற்று. மந்தை பிரிக்கும்போது ஓடிக் கயிறு வீசுவதில் அவனுக்கு நிகர் ஆள் இல்லை. இப்போது வேலிக் கதவைத் திறந்து மூடுகிறான். ஆற்றங்கரைப் பாதையில் அவன் காலை இழுத்து நடந்துவரும்போது ஒரு நீளச் சத்தம், ஒரு குட்டைச் சத்தம் கேட்கும். சர்ச்சுக்கு வர ஆரம்பித்தான். எல்லேக்கு முதலில் சந்தோஷம். பிறகு அவள் வந்து என்னிடம் அழுதாள்.

"அண்ணா, அவர் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குத் தவிர கதவைத் தாண்ட மாட்டேங்கிறாரு. பெரிய கீரி மாதிரி இருக்குற அந்த மான் திங்கிற கள்ள மிருகம் குட்டிகளுக்குள்ள பூந்துடுச்சுன்னு ஆள் வந்து சொல்றான், இவரு கைகட்டி உக்காந்திருக்காரு. எட்டுக் குட்டி போச்சு. கேட்டா, 'ஒருதரம் போய்த்தான் கால் போச்சு, கர்த்தர் இன்னொரு காலையும் கேப்பாரு'ங்கிறாரு. நீங்க சொல்லுங்கண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு."

நான் போய்ச் சொன்னேன், மாட்டைத் தூக்குகிற வசனத்தை. அவன் கேட்டுவிட்டு, "நீ ஆறு மணிக்கு ஸ்பேனரக் கீழ வெக்கிற ஆளு மச்சான். உனக்கு ஏன் கால் நல்லா இருக்கு, எனக்கு ஏன் இல்ல? நீயே சொல்லு" என்றான். என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

சொல்வதற்குப் பதிலாக அவன் வண்டியைப் பார்த்தேன். பனி விழுமுன் ஒருமுறை பார்க்க வேண்டியதை மூன்று முறை பார்த்தேன். தேயாத பெல்ட்டை மாற்றினேன். கிரீஸ் பிதுங்கி வழிகிற அளவுக்கு ஏற்றினேன்.

"எம் பொண்டாட்டி கூட எனக்கு இவ்வளவு தைலம் தேய்க்கல" என்பான் யொவ்னா. "வண்டியப் பாரு, வழுக்கிக்கிட்டே போகுது. நான் ஏறி உக்காந்தா நானும் வழுக்குறேன்." மற்றவர்களிடம் சொல்வான், "மச்சானப் போல ஆள் கிடைக்காது." அந்தப் பேச்சைக் கேட்பதைவிடப் பழைய கேலியையே கேட்கலாம் போல இருக்கும். மன்னிப்பும் பலமுறை வாங்கினேன், கோபத்துக்கு, பெருமைக்கு, சோம்பலுக்கு. பியெத்தாரின் கை தோளில் விழும்போதெல்லாம் அன்றைய வண்டிச் சத்தம் காதில் திக்கும். சொல்லாத பாவத்துக்கு மன்னிப்பு எப்படி வரும்?

இந்த செப்டம்பர் கூட்டத்தில் யொவ்னா எழுந்து முன்னால் போனான். ஒருநாளும் போகாதவன். ஒரு நீளச் சத்தம், ஒரு குட்டைச் சத்தம். மண்டியிட முடியாததால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்குச் சரியாப் பேச வராது" என்றான். "ஓய்வுநாள்ல மான்தான் பெருசுன்னு போனேன். கர்த்தர் என்னைத் தட்டினாரு. ஒம்பது வருஷமா கேக்குறேன், அவர் கோபம் தீந்துச்சான்னு தெரியல. எனக்காக யாராவது அந்த மன்னிப்பு வார்த்தையைச் சொல்லுங்க."

பியெத்தார் சொன்னார். சகோதரர்கள் எல்லாரும் போய்க் கைவைத்தார்கள். நானும் போனேன், போகாவிட்டால் தெரியும் என்பதால் போனேன். என் கை அவன் தோளில் இருந்தது. அவன் அழுகையில் அது மேலும் கீழும் ஆடியது. என் குற்றத்தை ஆண்டவரின் மேல் ஏற்றி, அதற்கு அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை ஆள் அனுப்பி அவனை வரச் சொன்னேன். வண்டி கொட்டகையில்தான் இருந்தது, பின்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்தேன். சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய போல்ட்டை எடுத்து சீட் மேல் வைத்தேன்.

"என்ன இது?"

"உன் வண்டியோட பின் அச்சு போல்ட்டு. அன்னைக்கு எடுத்தது."

எல்லாவற்றையும் சொன்னேன். வேலியருகே அவன் சொன்ன பேச்சு, எலும்பு, ஆறு மணி, மூன்று சுற்று, ஆணியில் தொங்கிய கையுறை. பியெத்தாரின் கை கழுத்தில் இருந்ததையும் சொன்னேன். கடைசியில், "சத்தம் கேட்டுச்சு யொவ்னா. உன் வண்டின்னு தெரிஞ்சுச்சு. நான் எழுந்திரிக்கல" என்றேன்.

அவன் போல்ட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினான்.

"அப்ப கர்த்தர் இல்ல."

"இல்ல. நான்தான்."

"எட்டுக் குட்டி" என்றான். "அதுகளும் சும்மாதான் போச்சா?"

நான் மண்டியிட்டேன். எங்கள் வழக்கப்படி கேட்டேன், அந்த வார்த்தையை எனக்குச் சொல்ல முடியுமா என்று.

"இன்னைக்குச் சொல்ல மாட்டேன் மச்சான். சொன்னா பொய்யாயிடும்." போல்ட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டான். ஆணியிலிருந்த கையுறையை எடுத்து வண்டியின் கைப்பிடியில் மாட்டினான். "இது இங்கயே இருக்கட்டும். நான் வந்து எடுக்குற வரைக்கும் நீ தொடாத."

ஐந்து வாரம் அந்தக் கையுறை அங்கேயே இருந்தது. எல்லே வரவில்லை. ஒருநாள் கடையில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது நியாயம்தான். கூட்டத்திலும் நான் எழுந்து சொன்னேன். போதகர் எனக்கு மன்னிப்பைச் சொன்னார். நன்றியோடு வாங்கிக்கொண்டேன். ஆனாலும் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் கையுறையைப் பார்த்துத் தலை குனிந்தேன்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நல்ல பனி விழுந்து நின்றது. ஆறு மணியாக இருபது நிமிஷம் இருக்கும்போது பாதையில் நீளச் சத்தமும் குட்டைச் சத்தமும் கேட்டன.

"வேணும்னேதான் இந்த நேரத்துக்கு வந்தேன்" என்றான் யொவ்னா. "ஸ்பேனரக் குடு. எப்படின்னு சொல்லு, நானே பண்றேன்."

சொன்னேன். அவன் வாழ்நாளில் முதல்முறை தன் வண்டிக்கு அடியில் படுத்தான். மடங்காத காலை நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, பட்டையை இழுத்துச் சரிபார்த்தான். அவசரமே படாமல் போல்ட்டுகளை இறுக்கத் தொடங்கினான். நான் விளக்கைப் பிடித்தேன். கடிகாரம் ஆறு அடித்தது.

"கைய எடுக்கணுமா?" என்று அடியிலிருந்து கேட்டான்.

"வேணாம். எத்தன சுத்து ஆச்சு?"

"ரெண்டு."

"இன்னும் ஒண்ணு."

ஆறே காலுக்கு எழுந்தான். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி இரண்டு முறை திக்கிப் பிடித்தது. ஆற்றைத் தாண்டுகிறவரை வாசலில் நின்று கேட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். யொவ்னா வந்தான். இத்தனை வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன், நேரே என் பெஞ்சுக்கு வந்து வெளி ஓரமாக உட்கார்ந்தான். மடங்காத கால் எனக்கு முன்னால் குறுக்கே நீண்டு வழியை அடைத்துக்கொண்டது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எண்ணைத் தேடிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் மெல்லச் சொன்னான்.

"வெளிய ஏதாவது சத்தம் கேட்டா சொல்லு மச்சான். வழி விடுறேன்."